13 வயது மகனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா? பெரியவனான பின் என்ன செய்வான்?

செந்தூல்அம்மா, கோலாலம்பூர்

வணக்கம். மகனுக்கு 13 வயது, ஆட்டிசம். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு நன்றாகவே போனது. இந்த வருடம் இடைநிலைப்பள்ளி. கட்டடம் பெரிது, பிள்ளைகள் அதிகம், மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். வாரத்தில் பாதி நாள் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வருகிறது.

பேசுவான். ஆனால் நாம் கேட்டதையே திருப்பிச் சொல்வதுதான் அதிகம். கூட்டல் கழித்தல் வரும். பத்துமலை ரயிலில் தாமான் வஹ்யூ, கம்போங் பத்து, பத்து கெண்டோன்மென், செந்தூல் என்று வரிசை தப்பாமல் ஒப்பிப்பான். தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கத் தெரியாது.

நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். சட்டப்படி சிக்கல் வருமா, எந்தப் பாடத்திட்டம் எடுப்பது, எங்களுக்குப் பிறகு இவன் எப்படி? தூக்கத்தைக் கெடுப்பது கடைசிக் கேள்விதான்.

—

செராஸ்சிவா, கோலாலம்பூர்

அக்கா, அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரு சம்பளம் போனால் தெரபிக்கு எங்கே போவது? பள்ளியில் பெயர் இருக்கும்வரை சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான மாத உதவித்தொகை 150 ரிங்கிட் வரும், பெயரை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். வீட்டில் நாலு சுவருக்குள் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வெளி ஆட்களோடு எப்படிப் பழகுவான்? 2019-இல் கல்வி அமைச்சு எந்தச் சிறப்புப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று கொள்கை கொண்டுவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பள்ளியோடு பேசுங்கள். காதுக்கு ஹெட்போன், மணியடிப்பதற்கு முன்பே அமைதியான அறைக்குப் போக அனுமதி, ஓய்வு நேரத்தில் காண்டீனுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போவது. இதெல்லாம் கேட்டுப் பார்த்தீர்களா?

வரி விஷயமும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மதிப்பீடு, தெரபிச் செலவுக்கான கழிவு 4,000 ரிங்கிட்டாக இருந்தது, 2025 மதிப்பீட்டு ஆண்டில் அதை 6,000 ஆக்கினார்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

—

பட்டர்வொர்த்அப்பா, பினாங்கு

என் மகளுக்கு இப்போது 21. பதினோரு வயதிலிருந்து வீட்டில்தான். சிவா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

பாடத்திட்டம் என்று எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள். ஒரு தாளில், 21 வயதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உங்கள் மகன் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்யவேண்டி இருக்கும் என்று எழுதுங்கள். பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை எடுப்பது, முட்டை அவிப்பது, கதவைப் பூட்டுவது, பேருந்து ஏறுவது, ஓரிடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரு வேலையைச் செய்வது, உடம்பு முடியாவிட்டால் யாரிடமாவது சொல்வது. அதில் எதைத் தானாகச் செய்கிறான், எதைச் சொன்னால் செய்கிறான், எது வரவே வராது என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். உங்கள் பாடப்புத்தகம் அதுதான்.

"சொன்னால் செய்கிறான்" என்பதுதான் ஏமாற்றுகிற நிறம். பெற்றோர் அதைத் தெரிந்தது என்று எண்ணிக்கொள்வோம். என் மகள் ஷவருக்கு அடியில் நின்றால், வெளியிலிருந்து "சோப்பு போடும்மா" என்று குரல் வரும்வரை நின்றுகொண்டே இருப்பாள். அவளைப் பொறுத்தவரை என் மனைவியின் குரலும் குளியலில் ஒரு படி. தண்ணீர், அம்மா குரல், சோப்பு. குரல் இல்லாவிட்டால் அடுத்த படி இல்லை.

வாயால் சொன்னதைத் திரும்ப எடுப்பது கடினம், படத்தை எடுப்பது சுலபம். குளியலறைச் சுவரில் படங்களைப் பிளாஸ்டிக் ஒட்டி மேலிருந்து கீழாக வைத்தோம், ஒரு படி முடிந்ததும் அந்தப் படத்தை அவளே திருப்பிப் போடவேண்டும். கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம். முதலில் துண்டை மாட்டுவது மட்டும் அவள் வேலை, மற்றதெல்லாம் உதவியோடு. அது வந்ததும் துடைப்பது, அப்புறம் தண்ணீரை மூடுவது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்துவைப்பது பிள்ளையாகவே இருக்கும். குரல் கொடுக்காமல் வெளியே நிற்பதற்குத்தான் என் மனைவிக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

மேசை வேலைக்கு, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்ளர் தொடங்கிய டீச் (TEACCH) முறையைத் தேடிப் படியுங்கள். இடது பக்கம் செய்யவேண்டியது, வலது பக்கம் முடிந்ததற்கான பெட்டி. இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. எவ்வளவு இருக்கிறது, எப்போது முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பாதிப் பதற்றம் இறங்கிவிடும். நாளைக்கு ஏதாவது கிடங்கிலோ கடையிலோ அடுக்கும் வேலைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

இப்போது சிவாவுக்கு. நாலு சுவர் என்றீர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் யாரோடும் பழகவில்லை.

—

தைப்பிங்டீச்சர், இப்போது பினாங்கு

சிறப்புக் கல்வியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். அந்த வயதுப் பிள்ளையை அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று கல்விச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கல்விக்கு அமைச்சிடம் விலக்கு கேட்டு எழுதவேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-இல் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே "13 வயதுதானே, நிறுத்திவிடலாம்" என்று இருந்துவிடாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மருத்துவ அறிக்கை, ஓகேயு அட்டை நகலோடு போய் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பெயரை எடுக்கவேண்டாம்.

பள்ளியில் இருந்தாலும் அது முடிந்துபோகிற ஏற்பாடுதான் என்பதை நினைவில் வையுங்கள். பத்தொன்பது வயது வாக்கில் பள்ளி முடியும். காலையில் சீருடை போட்டுப் பழகிய பிள்ளை மறுநாள் சீருடையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும், போக இடம் இருக்காது. அப்படி நின்ற பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பள்ளியா வீடா என்று அடித்துக்கொள்கிற நேரத்தில் இருபதாவது வயதைப் பற்றிப் பேசலாம்.

இனி நான் வந்த விஷயம். நம் வீடுகளில் "சமர்த்து, சொன்னதெல்லாம் கேட்பான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். யார் எதைச் சொன்னாலும் கேட்கிற பிள்ளை, தப்பான ஆள் சட்டையைக் கழற்று என்றாலும் கேட்கும். ஆகவே "வேண்டாம்" என்று சொல்வதைப் பாடமாக வையுங்கள். பிடிக்காத காயைத் தட்டில் வைத்து, அவன் "வேண்டாம்" என்று சொன்னால், அல்லது அட்டையைக் காட்டினால், மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவன் வேண்டாம் என்பதற்கு வீட்டில் மதிப்பு இருந்தால்தான் வெளியிலும் சொல்வான்.

13 வயது என்பதால் இதையும் சேர்க்கிறேன். குளியலறைக் கதவைச் சாத்துவது, உடை மாற்றும் இடம், தன் உடம்பைத் தொட எந்த அறை, எந்த நேரம். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயதில் ஓடிவந்து கட்டிப்பிடித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். மீசை முளைத்தவன் எல்ஆர்டி ரயிலில் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்தால் போலீஸ் வரும். கைகுலுக்கலுக்கு இப்போதே மாற்றுங்கள். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள், மாதவிலக்கு வருவதற்கு வெகு முன்பே நேப்கின் ஒட்டுவதைப் பழக்குங்கள். உள்ளாடையில் அது உட்காரும் இடத்தைச் சுற்றிக் கோடு தைத்துவைத்தால் பிள்ளைக்குப் புரியும்.

—

நலம்நாடி

வணக்கம். கோதுமை, பால் நிறுத்திவிட்டு உடம்பில் உள்ள உலோகங்களை வெளியேற்றும் சிகிச்சை எடுத்தால் முழுமையாகக் குணமாகும் என்று ஒரு குழுவில் படித்தேன். வேண்டுமானால் தொடர்பு தருகிறேன்.

—

நடத்துநர்

தரவேண்டாம். அந்த உலோக நீக்கச் சிகிச்சையில் 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்திருக்கிறான். உணவுக் கட்டுப்பாடு ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வயிற்றுக் கோளாறு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இழை தொடரட்டும்.

—

எல்ஆர்டிக்காரன், கோலாலம்பூர்

எனக்கு 29 வயது. ஆட்டிசம் உள்ளவன். ஓர் அலுவலகத்தில் பத்திரங்களை ஸ்கேன் செய்து பெயரிட்டு வைக்கும் வேலை. இங்கே எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

நிலையத்தின் பெயர்களை ஒப்பிப்பது பயனில்லாத விஷயம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது அவனுக்குக் கைப்பிடி. அதைப் பிடித்துத்தான் மற்றதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆனால் பெயர் தெரிவது வேறு, பயணம் செய்வது வேறு. எனக்கு அம்மா பயணத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் கூடவே உட்கார்ந்தார். அப்புறம் அதே பெட்டியில் தள்ளி நின்றார். அப்புறம் அடுத்த பெட்டி. அப்புறம் நான் தனியாக ஏற, இறங்கும் நிலையத்தில் அப்பா நின்றார். இதற்கு மாதக்கணக்கில் ஆனது.

வழி சரியாக இருக்கும்போது எல்லாரும் போய்விடலாம். வழி கெட்டால்தான் பிரச்சினை. 2022 நவம்பரில் கிளானா ஜெயா பாதையில் 16 நிலையங்களை ஒரு வாரம் போல மூடினார்கள். காலையில் நிலையக் கதவு சாத்தியிருந்தது. நெஞ்சு அடைத்தது. என் பையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கும்: "வண்டி இல்லை என்றால் 1. ஓரமாக நில். 2. அக்காவுக்குப் போன் செய். 3. மேலாளருக்குச் செய்தி அனுப்பு. 4. அக்கா சொல்லும் வண்டியில் ஏறு." அதைப் பார்த்துச் செய்தேன். தாமதமாகப் போனேன், ஆனால் போனேன். வீட்டில் இதற்கு ஒத்திகை பார்த்திருக்கிறோம். அம்மா வேண்டுமென்றே மாமாக் கடை அண்ணனிடம் சொல்லிவைத்து, நான் ரொட்டி சானாய் கேட்டால் "ரொட்டி முடிந்துவிட்டது" என்று சொல்ல வைப்பார். முதலில் கத்தினேன். பிறகு "தோசை இருக்கா" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன்.

காசு. 5 ரிங்கிட் நோட்டும் பச்சை, 50 ரிங்கிட்டும் பச்சை கலந்த நீலம். அவசரத்தில் மாறிப்போகும். ஆகவே பர்ஸில் 50 வைத்துக்கொள்வதில்லை, கார்டு வைத்திருக்கிறேன், அதில் ஒரு வாரச் செலவுக்கு மட்டும் பணம் இருக்கும். யாராவது நண்பன் என்று சொல்லிப் பணம் கேட்டால் "அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவேண்டும். இந்த வாக்கியத்தையும் ஒத்திகை பார்த்தோம்.

இன்னொன்று. என் கையை ஆட்டுவதை நிறுத்த ஒரு தெரபி மையத்தில் நிறைய நேரம் செலவழித்தார்கள். கை ஆடுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த நேரத்தில் சட்டையை இஸ்திரி போடச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

—

செந்தூல்அம்மா

தம்பி, உங்கள் பதிவை வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரொட்டி முடிந்துவிட்ட ஒத்திகை எங்கள் வீட்டில் நாளைக்கே தொடங்குகிறது.

டீச்சர், மொழி விஷயம் ஒன்று. தெரபியில் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. பையனோடு அதிகம் இருப்பவர் அவர்தான்.

—

தைப்பிங்டீச்சர்

இந்த ஆலோசனையை இன்னும் கொடுக்கிறார்களா! இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டி வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு இழப்புதான் மிச்சம். பாட்டி தமிழில் பேசட்டும். ஆனால் வேலைக்கான மொழியை இடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: கடை முகப்பில், பேருந்தில், கிளினிக்கில் மலாய். "தோலோங்" என்று உதவி கேட்பதும், "தாக் நாக்" என்று மறுப்பதும் மலாயிலும் வரவேண்டும். நாளைக்கு அவனோடு வேலை பார்ப்பவர்கள் அந்த மொழியில்தான் பேசுவார்கள்.

—

செராஸ்சிவா

எல்லாம் சரி, ஆனால் வேலை எங்கே? அரசாங்கத்தில் ஒரு விழுக்காடு ஓகேயு என்று 1988-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேரைப் பார்த்தோம்?

—

பட்டர்வொர்த்அப்பா

குறைவுதான், மறுக்கவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். கோலாலம்பூர் பக்கம் கமுடா நிறுவனம் நடத்தும் எனேபிளிங் அகாடமி ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அலுவலக வேலைக்கான பயிற்சி கொடுத்து, நிறுவனங்களோடு இணைக்கிறது. ஆட்டிசம் உள்ள மகனுக்காக ஒரு தந்தை 2016-இல் தொடங்கிய ஆட்டிசம் கஃபே புராஜெக்ட் இருக்கிறது. சமூகநல இலாகாவில் வேலைப் பயிற்றுநர் ஏற்பாடு உண்டு. வேலையிடத்தில் கூட நின்று சொல்லிக்கொடுத்து, மெல்ல விலகிக்கொள்வார். குறைந்த சம்பள ஓகேயு ஊழியருக்கான மாத உதவி 2021-இல் 400-இலிருந்து 450 ரிங்கிட் ஆனது. வேலை செய்ய முடியாதவர்களுக்கு 250-இலிருந்து 300. இப்போதைய தொகையையும் நிபந்தனையையும் இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டாரத்தில் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையம் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். மையத்துக்கு மையம் தரம் மாறும், வாசலில் நின்று ஒரு மணி நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

என் மகளுக்கு முழுநேர வேலை இல்லை. தெரிந்தவர் ஒருவரின் பூக்கடையில் காலையில் இரண்டு மணி நேரம் வெற்றிலை அடுக்குகிறாள். நூறு எண்ணிக் கட்டுவாள், ஒன்று கூடாது குறையாது. பண்டிகைக்கு முன் வாரத்தில் கூட்டம் அதிகம் என்பதால் வரமாட்டாள் என்று கடைக்காரருக்குத் தெரியும். அந்த அம்மாள்தான் அவளுக்கு வேலை சொல்கிறார், நாங்கள் இல்லை. வீட்டுக்கல்வியில் நான் முக்கியமாக நினைப்பது இதுதான். உங்கள் சொல்லை மட்டும் கேட்டால் போதாது. சித்தப்பா, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, சந்தை மீன்காரர் என்று வாரம் ஒருவரிடமாவது அவனைக் கற்றுக்கொள்ள விடுங்கள். வீட்டை விட்டு வெளியே நடக்காத வீட்டுக்கல்வியை நானும் எதிர்க்கிறேன். சிவா, நீங்கள் சொன்ன மீதிப் பாதி அதுதான்.

—

அக்காக்காரி, ஜோர்ஜ்டவுன்

இவ்வளவு பேர் பேசியும் ஒருவரும் அக்கா தங்கைகளைப் பற்றிச் சொல்லவில்லை. எல்ஆர்டிக்காரரின் அட்டையில் இரண்டாவது வரி "அக்காவுக்குப் போன் செய்". எங்கள் வீட்டில் அந்த அக்கா நான்தான். தம்பிக்கு 24.

"எங்களுக்குப் பிறகு அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அம்மா யாரிடமோ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று இல்லை. ஆனால் என்னைக் கேட்கவேண்டும். எனக்கும் வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. பிறகு ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினேன்: அவன் என் வீட்டில் இருக்கவேண்டுமா, பக்கத்தில் தனியாக இருந்து நான் வந்து போனால் போதுமா, காசுக்கு யார் பொறுப்பு. சங்கடமாகத்தான் இருந்தது.

தாள் வேலைகளையும் சொல்கிறேன். 18 வயதானால் சட்டப்படி பெரியவர். மைகாட் அடையாள அட்டையை மாற்றவேண்டும், அந்தப் புகைப்படக்காரர், வரிசை, கைரேகை எல்லாவற்றையும் முன்பே ஒரு தடவை காட்டிவிடுங்கள். முடிவெடுக்க முடியாத அளவுக்கு இருப்பவரின் சொத்தை நிர்வகிக்கப் பெற்றோருக்குத் தானாக அதிகாரம் தொடராது. 2001 மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரலாம். ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் பிள்ளையை வாரிசாகப் போட்டால் பணம் நேரே அந்தப் பிள்ளைக்குத்தான். அதை நிர்வகிக்கத் தெரியாத பிள்ளையாக இருந்தால் அறக்கட்டளை மாதிரி ஏற்பாடு செய்ய ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உயில் எழுதாமல் தள்ளிப்போடும் அப்பாக்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், தம்பியைப் பற்றி ஒரு கோப்பு எழுதிவைத்திருக்கிறோம். எந்த மருந்து, எந்தப் பல் மருத்துவர், கோபம் வருவதற்கு முன் என்ன அறிகுறி, சாதத்தில் குழம்பை ஊற்றக்கூடாது பக்கத்தில்தான் வைக்கவேண்டும், மழைச்சத்தத்துக்கு என்ன செய்வது. அம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்ததெல்லாம் இப்போது தாளில் இருக்கிறது. வருடா வருடம் திருத்துகிறோம்.

—

செந்தூல்அம்மா

அனைவருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். இப்போதைக்கு வேலையை விடவில்லை, சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறேன். பள்ளியில் பெயர் இருக்கும். கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஓய்வு நேரம்வரை மட்டும் அனுப்ப முடியுமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைத் தாளை எழுதினேன். "சொன்னால் செய்கிறான்" நிறம்தான் தாள் முழுக்க. பெரிய மகளைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை முடிவு செய்வோம், அவளுக்கு 16.

ரயிலில் இருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். செந்தூல் தீமோர் நிலையம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எத்தனை மணிக்குப் போனால் நல்லது, எதுவரை?

—

எல்ஆர்டிக்காரன்

காலை பத்து மணிக்கு மேல். அலுவலகக் கூட்டம் போயிருக்கும். செந்தூல் தீமோரில்தான் வண்டி கிளம்புகிறது, உட்கார இடம் கிடைக்கும். முதலில் தித்திவங்சா வரை போதும், இரண்டாவது நிலையம். இறங்கி அதே பாதையில் திரும்பிவிடுங்கள். மஸ்ஜித் ஜாமெக் இப்போது வேண்டாம், அங்கே பாதை மாறுகிற கூட்டமும் அறிவிப்புச் சத்தமும் அதிகம். ஓகேயு சலுகைக் கட்டண அட்டைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், அட்டையை அவன் கையாலேயே தட்டட்டும். தட்டும்போது "தட்டு" என்று சொல்லாதீர்கள்.